ஆங்கில வாக்கியத்தில் "தான்" எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்தீர்கள், இப்போது மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மின்னஞ்சல் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. வாரம் இருமுறை அமெரிக்க வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசும்போது மட்டும், நீங்கள் சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லச் சொல்கிறார். புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகிறது. "அமெரிக்கர் போலப் பேசப் பயிற்சி எடுக்க வேண்டுமா?" என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று நினைக்கிறேன்: இலக்கணமும் சொற்களும் சரியாக இருந்தும், பேச்சு ஏன் போய்ச் சேரவில்லை? இதற்குப் பதில் உண்டு. அதற்காக நீங்கள் அமெரிக்கர் போலப் பேச வேண்டியதில்லை.

நான் ஒலியியல் படித்தவன். 22 ஆண்டுகளாகப் பெரும்பாலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு கற்பித்து வருகிறேன். உங்கள் குரலைக் கேட்காமல் எழுதுகிறேன் என்பதால் குறை இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால், மெதுவாகப் பேசினால் இன்னும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி நிறையச் சொல்லிவிடுகிறது. தனித்தனி ஒலிகளில் மட்டும் பிழை இருந்தால், மெதுவாகப் பேசும்போது ஓரளவாவது தெளியும். மெதுவாகப் பேசப் பேசக் குழப்பம் கூடுகிறதென்றால், பெரும்பாலும் எல்லா அசைகளுக்கும், அதாவது சொல்லின் ஒலித்துண்டுகளுக்கு, ஒரே எடை, ஒரே அழுத்தம் போய்க்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்தபோது, இருந்த கொஞ்ச நஞ்ச மேடுபள்ளத்தையும் சமன் செய்துவிட்டீர்கள். ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த மேடுபள்ளம்தான் வழிகாட்டி.

எழுத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி இடைவெளி கிடையாது. ஒலி ஒரே ஓட்டமாக வருகிறது, எங்கே வெட்டுவது என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்கிறார். இந்தச் சிக்கலைத் தொல்காப்பியமே பேசியிருக்கிறது. எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் வேறுபடும் தொடர்களை இசையால் பிரித்தறியலாம் என்கிறது அந்நூல். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு "செம்பொன்பதின்றொடி". செம்பொன் என்று நிறுத்தினால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு என்று நிறுத்தினால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. ஆங்கிலம் பேசுவோருக்கு இந்த வெட்டும் வேலை ஒவ்வொரு நொடியும் நடக்கிறது, அதற்கு அவர்கள் பிடித்துக்கொள்ளும் கொழு கொம்பு வலுவான அசை. ஆன் கட்லர் என்ற மொழி உளவியலாளர் தம் சகாக்களுடன் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆங்கில உரையாடலில் வரும் பெயர், வினை போன்ற பொருட்சொற்களில் பத்துக்கு ஒன்பது, முழு உயிரொலி கொண்ட வலுவான அசையில் தொடங்குகின்றன என்று 1987இல் வெளிவந்த கணக்கு ஒன்று காட்டியது. அதனால் ஆங்கிலக் காது, வலுவான அசை ஒன்று வந்தவுடன் இங்கே புதுச் சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறது. 1992இல் வெளியான ஒரு சோதனையில், அரிதாகவே கேட்கும்படி மிக மெல்லிய ஒலியில் "கண்டக்ட் அஸென்ட்ஸ் அப்ஹில்" என்று ஒலிக்கவிட்டார்கள். டாக்டர் பில் அனுப்புகிறார் என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைக் கேட்டதாகச் சிலர் எழுதினார்கள். டக், ஸென்ட்ஸ், ஹில் என்ற மூன்று வலுவான அசைகளைப் பிடித்து, அவற்றைச் சுற்றித் தாங்களே ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டார்கள். உங்கள் வாடிக்கையாளரும் தொலைபேசியின் மறுமுனையில் இதையேதான் செய்கிறார்.

இப்போது "டெவலப்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டி, வெ, லப் என்று மூன்று அசை. எடை நடுவில் இருக்கும் "வெ" மீது. நம்மவர் பலர் முதல் அசையை அழுத்தி "டெ" என்று தொடங்குகிறோம். கேட்பவர் மனத்தில் "டெவில்" என்ற சொல் எழுந்துவிடுகிறது. அவர் சுதாரித்து மீள்வதற்குள் நீங்கள் அடுத்த இரண்டு சொற்களைக் கடந்திருப்பீர்கள். ஒரு சொல்லில் நேர்ந்த பிழை ஒரு வாக்கியத்தை விழுங்குவது இப்படித்தான்.

அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்ற தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. 1955இலும் 1958இலும் லண்டனில் டென்னிஸ் ஃப்ரை நடத்திய சோதனைகள் இதை உடைத்தன. "சப்ஜெக்ட்", "பெர்மிட்", "காண்ட்ராக்ட்" போன்ற சொற்கள் முதல் அசையில் எடை வந்தால் பெயர். இரண்டாம் அசையில் வந்தால் வினை. இவற்றைச் செயற்கைக் குரலில் ஒலிக்கவிட்டு, நீளத்தையும் உரப்பையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார். கேட்பவரின் முடிவை உரப்பு குறைவாகவே மாற்றியது. நீளமும் சுருதி மாற்றமும் அதைவிட வலுவாக மாற்றின. ஆகவே அழுத்த வேண்டிய அசையைக் கத்தாதீர்கள். அதன் உயிரொலியை இழுங்கள், சுருதியைச் சற்று ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், மற்ற அசைகளைத் தேய்த்துவிடுங்கள். நம்மவர்க்கு இந்தப் பின்பாதிதான் கடினம், ஏனென்றால் எழுத்தை விழுங்குவது தவறு என்று பள்ளியில் பழக்கப்பட்டிருக்கிறோம். உண்மையில் தேய்ந்த உயிரொலி தமிழுக்கு அந்நியமல்ல. "நாடு" என்பதன் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று படித்தோம். "நாடு" சொல்லும்போது வாய் அந்த உகரத்தை எவ்வளவு சோம்பலாகத் தொட்டு விடுகிறதோ, அவ்வளவு சோம்பலாக ஆங்கிலத்தின் அழுத்தமற்ற அசைகளைத் தொட்டு விடுங்கள். ஷ்வா என்று ஒலியியலார் அழைக்கும் அந்தத் தேய்ந்த ஒலிதான் ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி. அதற்கென்று தனி எழுத்து இல்லாததால், எழுத்து வழியாக ஆங்கிலம் கற்ற நமக்கு அது கண்ணில் படவே இல்லை.

எந்த அசையில் எடை என்பதற்கு விதி உண்டா? ஓரளவு உண்டு. "ஷன்", "இட்டி", "இக்" என்று முடியும் நீண்ட சொற்களில் பெரும்பாலும் அந்த விகுதிக்கு முந்தைய அசையில் எடை விழும்: "எஜுகேஷன்" என்பதில் "கே", "எலக்ட்ரிசிட்டி" என்பதில் "ட்ரி", "எகனாமிக்" என்பதில் "னா". விகுதி மாறும்போது எடை இடம் பெயர்வதற்கு நல்ல சான்று "ஃபோட்டோகிராஃப்" குடும்பம். புகைப்படம் என்ற பொருளில் எடை முதல் அசையில். கலையைக் குறிக்கும் "ஃபடாக்ரஃபி" என்ற வடிவில் இரண்டாம் அசையில். "ஃபோட்டோகிராஃபிக்" என்றானதும் மூன்றாம் அசையில். இரண்டசைப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் முதல் அசையில் எடை கொள்ளும், ஆனால் "ஹோட்டல்" அதற்கு விலக்கு. அங்கே எடை இரண்டாம் அசையில். விதிகள் இவ்வளவு தூரம்தான் கைகொடுக்கும். மீதிக்கு அகராதிதான். அகராதியில் சொல்லின் உச்சரிப்போடு ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். இன்றைய அகராதிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கோடு அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் வரும். பின்னால் வரும் என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் தலைகீழாகப் படித்துவந்த மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

என் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். இது ஆய்வு முடிவல்ல, வகுப்பறையில் கவனித்தது. தமிழர் பிழை செய்யும் சொற்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எங்கே நெடில் இருக்கிறதோ, எங்கே ஒற்று வந்து அசை கனக்கிறதோ, அங்கே எடையைப் போட்டுவிடுகிறோம். "இண்டஸ்ட்ரி" என்பதில் "டஸ்", "கேரக்டர்" என்பதில் "ரக்", "கலீக்" என்பதில் "லீக்" என்று இழுக்கிறோம். மூன்றிலும் ஆங்கிலத்தில் எடை முதல் அசையில். இரண்டசைச் சொற்களில் அழுத்தம் பின்பக்கமாக நகர்ந்தால் கேட்பவருக்குச் சிரமம் அதிகம் என்று 2005இல் ஜான் ஃபீல்ட் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எனவே இந்த வகைப் பிழையை முதலில் திருத்துவது நல்லது. மாறாக, எல்லா வேறுபாடும் பிழையல்ல. "லேபரட்டரி" என்பதைப் பிரித்தானியர் இரண்டாம் அசையிலும் அமெரிக்கர் முதல் அசையிலும் அழுத்துகிறார்கள். "அட்வர்டைஸ்மென்ட்", "கராஜ்" ஆகியவற்றிலும் இந்தப் பிளவு உண்டு. இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி வாக்கியத்துக்கு வருகிறேன். நான் கற்பிப்பதில் மிகவும் நம்பும் பகுதி இதுதான். தமிழில் ஒரு செய்தியின் கூர்முனையைக் காட்ட நம்மிடம் தான், ஏ, ஓ, ஆ, உம் என்ற இடைச்சொற்கள் இருக்கின்றன, சொல்வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் சொல்வரிசை இறுகியது, "தான்" போல ஒட்டிக்கொள்ளும் இடைச்சொல் கிடையாது. பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் குரல் எடையே செய்கிறது. "ஐ டிடின்ட் டெல் ஹிம்" என்ற நான்கே சொற்களைப் பாருங்கள். "ஐ" மீது எடை வந்தால், அவனிடம் சொன்னது நானில்லை. "டிடின்ட்" மீது வந்தால், அவனிடம் நான் சொல்லவே இல்லை. "டெல்" மீது வந்தால், வாயால்தான் சொல்லவில்லை, வேறு வழியில் தெரிவித்திருக்கலாம். "ஹிம்" மீது வந்தால், அவனிடம்தான் சொல்லவில்லை, வேறு யாரிடமோ சொன்னேன். தமிழில் நான்கு வெவ்வேறு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே. எல்லாச் சொல்லையும் சம எடையில் சொன்னால், இந்த நான்கில் எது என்று தெரியாமல் எதிராளி திகைக்கிறார். ஒலி கேட்காததால் மட்டும் அவர் திரும்பச் சொல்லச் சொல்வதில்லை. எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று பிடிபடாததாலும் கேட்கிறார்.

கேள்வியிலும் இதே கதைதான். "நீயா நேற்று வந்தாய்?", "நேற்றா நீ வந்தாய்?" என்று ஆகாரத்தை நகர்த்தினால் தமிழில் கேள்வி மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் "டிட் யூ கம் எஸ்டர்டே" என்ற ஒரே வரியில் "யூ" மீதோ "எஸ்டர்டே" மீதோ எடையை நகர்த்த வேண்டும். ஆகவே நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வழி இது: பேசப்போகும் முக்கிய வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். "தான்", "ஏ", "ஆ" எங்கே ஒட்டுகிறது என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல்லின் அழுத்த அசைதான் வாக்கியத்தின் சிகரம். இப்படி எந்த இடைச்சொல்லும் தேவைப்படாத சாதாரண வாக்கியமென்றால், கடைசிப் பொருட்சொல்லில் சிகரத்தை வையுங்கள். முன்பே பேசி முடித்த செய்திக்கு எடை கொடுக்காதீர்கள். "அறிக்கையைத் திங்கட்கிழமை அனுப்பினீர்களா?" என்று அவர் கேட்கிறார். "நோ, ஐ சென்ட் இட் ஆன் டியூஸ்டே" என்பது பதில் என்றால், புதுச் செய்தி செவ்வாய் மட்டுமே. "சென்ட்" என்பதையும் அதே அளவு ஓங்கிச் சொன்னால், அனுப்பியதையே அவர் சந்தேகித்தது போலவும் நீங்கள் மறுத்து வாதாடுவது போலவும் ஒலிக்கும்.

சிறு சொற்கள் தேய்வதும் பொருளை மாற்றும். "கேன்" என்பதை உடன்பாட்டில், வாக்கியத்தின் நடுவே வரும்போது, பெரும்பாலும் முழுதாகச் சொல்வதில்லை. "ஐ கன் டூ இட்" என்று தேய்த்து, "டூ" மீது எடை வைப்பார்கள். எதிர்மறையில்தான் "கேன்ட்" முழு உயிரொலியோடு நீண்டு வரும்; அமெரிக்கப் பேச்சில் அதன் இறுதி டகர ஒலி பெரும்பாலும் வெடிக்காமல் அடங்கிவிடும். நீங்கள் "ஐ கேன் டூ இட்" என்று தெளிவாக, பொறுப்பாக உச்சரித்தால், முடியும் என்று சொன்னது முடியாது என்று போய்ச் சேரக்கூடும். தெளிவு என்று நாம் கருதுவது அவருக்குத் தெளிவாக இல்லாமல் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவரை பிழையின் விளைவு வேறு வகையானது. சொல்லழுத்தம் தவறினால் புரியாமல் போகிறது; ஏற்ற இறக்கம் தவறினால் புரிகிறது, ஆனால் ஆளைத் தவறாக எடைபோட்டுவிடுகிறார்கள். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982இல் பதிவுசெய்த நிகழ்ச்சி இது. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் உணவு பரிமாறும் பணியில் புதிதாகச் சேர்ந்தார்கள். இறைச்சி வாங்குவோரிடம் குழம்பு வேண்டுமா என்பதற்கு "கிரேவி" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்வார்கள். பிரித்தானியப் பணியாளர் அதைக் குரல் ஏற்றிச் சொல்வார்கள்; இவர்கள் இறக்கிச் சொன்னார்கள். ஏறினால் "வேண்டுமா?" என்று உபசரிப்பு, இறங்கினால் "இது குழம்பு, எடுத்துக்கொள்" என்ற தோரணை. இந்தப் பெண்கள் மரியாதை தெரியாதவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று பெயர் எடுத்துவிட்டார்கள். பதிவை ஒலிக்கவிட்டபோது, இருவரும் ஒன்றையேதானே சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். வேறுபாட்டை விளக்கிய பிறகே, தங்களைச் சுற்றி இத்தனை நாள் ஏன் கசப்பு இருந்தது என்பது அவர்களுக்கு விளங்கியது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு சொல்லின் முனையில் குரல் இறங்கியதற்காக மனிதர்களின் குணத்தைத் தீர்மானித்துவிட்டார்கள். ஆகாரம் ஒட்டிவிட்டால் நம் காதுக்குக் கேள்வி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கேள்விக்குக் குரல் ஏற்றம்தான் ஆகாரம். "ஸாரி" என்பதையும் இப்படியே கவனியுங்கள்: இறங்கினால் மன்னிப்பு, ஏறினால் "என்ன சொன்னீர்கள்?".

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்றும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்த அசைகள் சம கால இடைவெளியில் விழுகின்றன, மற்ற மொழிகள் சிலவற்றில் எல்லா அசைகளும் சம நீளம் என்ற பிரிவினையை 1945இல் கென்னத் பைக் முன்வைத்தார். பாடப்புத்தகங்கள் இன்னும் அதை அப்படியே சொல்கின்றன. கருவி கொண்டு அளந்தவர்கள் அந்தச் சம இடைவெளியைக் காணவில்லை. கைதட்டிப் பயிலும் பயிற்சிக்கு அது உதவும், அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஆம் இல்லை கேள்விகளுக்குக் குரல் எப்போதும் ஏறும் என்ற விதியும் பாதி உண்மையே. இறங்கும் குரலில் கேட்பவர் ஏராளம். பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ வட்டாரங்களில் சாதாரணக் கூற்றுகளே ஏறி முடியும். சொல்லழுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஐதராபாத்தில் பணியாற்றிய ஆர். கே. பன்சால் இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூல், சொல்லழுத்தப் பிழையை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. ஆனால் 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் பேசிக்கொள்ளும்போது சொல்லழுத்தம் அவ்வளவு அவசியமில்லை, வாக்கியத்தின் சிகரம் மட்டும் அவசியம் என்று வாதிட்டார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் கருதவில்லை. கேட்பவர் யார் என்பதுதான் வேறுபாடு. உங்கள் வாடிக்கையாளர் அமெரிக்கர் என்பதால் சொல்லழுத்தம், சிகரம் இரண்டும் உங்களுக்குத் தேவை. நாளை வியட்நாமியரோடு பேசும் வேலை வந்தால், சிகரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

செய்ய வேண்டியது இது. உங்கள் வேலையில் தினமும் புழங்கும் 50 சொற்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து, அழுத்த அசையின் கீழ் கோடிடுங்கள். சொல்லும்போது கையில் ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அசைக்கு மட்டும் இழுங்கள். குரலும் சேர்ந்து நீளும். எண்களில் தனிக் கவனம் வையுங்கள். "ஃபிஃப்டீன்" தனியாக வந்தால் எடை பின் அசையில், "ஃபிஃப்டி" என்பதில் முன் அசையில். ஆனால் "ஃபிஃப்டீன் டாலர்ஸ்" என்று பெயரோடு சேர்ந்தால் எடை முன்னே நகர்ந்து இரண்டும் ஒன்று போலக் கேட்கும். அவர்களே "ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்லி உறுதிசெய்துகொள்வார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்த அழைப்பில் மெதுவாகப் பேச நினைத்தால் சொற்களுக்கு நடுவே நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு சொற்கள் சேர்ந்த ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கொத்துக்குள் ஒரு சிகரம் மட்டும் இருக்கட்டும். பேசியதை அலைபேசியில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் நீங்கள் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். இரண்டு வாரம் இப்படிச் செய்துவிட்டு, ஒரு நிமிடப் பதிவை எனக்கு அனுப்புங்கள். எந்த அசை இன்னும் எடைக்குக் காத்திருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.